புரிஞ்சுது சார், ஆனா போட வரலை

பொறியியல் படிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு முதல் அரியர் விழுவது கணக்கில்தான். அதிலும் 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்' என்று ஒரு பேப்பர் இருக்கிறது. சுருக்கமாக டிபிடிஇ. சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு மூன்றாம் செமஸ்டரில் வரும். பழைய ரெகுலேஷன்களில், அதாவது பழைய பாடத்திட்டங்களில், அநேகமாக எல்லாத் துறைகளுக்கும் இருந்தது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் இந்த ஒரு பேப்பருக்காக ஊருக்குத் திரும்பி வந்து தேர்வு எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும்.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் இந்தப் பேப்பரைப் பல வருடங்களாக நடத்துகிறேன். சாயங்காலங்களில் அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அவர்களைப் பற்றி வெளியே ஒரு பேச்சு உண்டு: படிக்காமல் ஊர் சுற்றினார்கள், அதனால் போச்சு என்று. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படி இல்லை. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருப்பார்கள். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் கொஸ்டின் பேங்க்கை மஞ்சள் மார்க்கரால் நிரப்பியிருப்பார்கள். கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பாக்கும்போது எல்லாம் புரிஞ்சுது சார், ஹால்ல போட வரலை." அந்தப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவர்கள் சொல்வது முழு உண்மை. பார்க்கும்போது புரியத்தான் செய்தது. போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கணக்கில் இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். முதல் வேலையை எவ்வளவு செய்தாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது.

எங்கே இடறுகிறார்கள் என்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் விளங்கும். ஃபூரியர் சீரிஸ் என்பது ஒரு சார்பை சைன், காஸ் தொடராக விரித்து எழுதுவது. அதில் எல்லோரும் போடுகிற ஒரு கணக்கு: எக்ஸ் ஸ்கொயரை மைனஸ் பையிலிருந்து பை வரை விரிக்க வேண்டும். போன மாதம் ஒரு மாணவியைப் போர்டில் போடச் சொன்னேன். ஏ-நாட், ஏ-என், பி-என் என்ற கெழுக்களுக்கான ஃபார்முலா மூன்றையும் தப்பில்லாமல் எழுதினாள். ஈவன் ஃபங்ஷன், அதனால் பி-என் பூஜ்ஜியம் என்று தானே சொன்னாள். ஏ-நாட் சரியாக வந்தது. ஏ-என் வந்ததும் எக்ஸ் ஸ்கொயர் காஸ் என்எக்ஸ்-ஐத் தொகையிட வேண்டும். அங்கே சாக்பீஸ் நின்றுவிட்டது.

"என்னம்மா யோசிக்கிறே?"

"சைனுக்கு இன்டக்ரேஷன் மைனஸ் காஸா, பிளஸ் காஸா சார்?"

கேட்டுவிட்டு அவளே கூசிப்போனாள். கூச வேண்டியதே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஃபூரியர் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. பிளஸ் டூ-வில் படித்த பகுதித் தொகையிடல் கைக்குப் பழகாமல் இருந்தது. பெர்னூலி சூத்திரம் என்று அப்போது சொல்லிக் கொடுத்ததுதான்: ஒரு பக்கம் வகையிட்டுக்கொண்டே போவது, மறுபக்கம் தொகையிட்டுக்கொண்டே போவது, குறி மாறி மாறி வருவது. அதை வைத்து மூன்று உறுப்புகள் எழுதி எல்லையைப் போட்டால், சைன் என் பை எப்போதும் பூஜ்ஜியம் என்பதால் முதலாவதும் மூன்றாவதும் காணாமல் போகும். நடு உறுப்பு மட்டும் நிற்கும். காஸ் என் பைக்குப் பதில் மைனஸ் ஒன் பவர் என். விடை: நான்கு பெருக்கல் மைனஸ் ஒன் பவர் என், கீழே என் ஸ்கொயர். மொத்தம் நாலு வரி. அந்த நாலு வரியில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

விடைத்தாள் திருத்தும்போது இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புதுப் பாடத்தில் யாரும் தொலைவதில்லை. பழைய பாடத்தில் தொலைகிறார்கள். ஃபூரியர் சீரிஸில் தொகையிடல், இசட் டிரான்ஸ்ஃபார்மில் பகுதிப் பின்னங்கள், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் வரும் முதல் யூனிட்டில் சாதாரண இயற்கணிதம். ஆகவே கடினமான பேப்பரை எடுத்ததும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் கடைசியாகப் போட்ட ஏதாவது ஒரு கணக்கை எடுத்து, எந்த வரியில் பேனா நின்றது என்று பாருங்கள். அந்த வரி எந்த வகுப்புப் பாடம்? பத்தாவதாக இருந்தால் பத்தாவது புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான். எக்ஸ் சைன் என்எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர் காஸ் என்எக்ஸ், ஈ பவர் ஏஎக்ஸ் காஸ் பிஎக்ஸ், சைனும் காஸும் பெருக்கலில் வருவது என்று ஒரு கைப்பிடித் தொகையிடல்கள்தான் இந்தப் பேப்பர் முழுக்கச் சுற்றி வருகின்றன. தினமும் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் இரண்டைப் போடுங்கள். கை யோசிக்காமல் எழுதுகிற அளவுக்குப் பழகினால், மூளை கணக்கின் மேல் பகுதியைக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

சரி, 'பார்த்தால் புரிகிறது' என்பதற்கு வருவோம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: 81 விழுக்காடு, எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள்.

அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. ராத்திரி பதினொரு மணிக்குப் புத்தகத்தை மூடும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். இன்னொரு தடவை பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த நிறைவோடு தூங்கப் போகிறார்கள். யூடியூப் வந்தபிறகு இது கூடிவிட்டது. நல்ல ஆசிரியர்கள் இலவசமாக நடத்துகிறார்கள், என்பிடெல் என்ற இணையவழி வகுப்புத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் முழு வகுப்புகளும் இருக்கின்றன. இவை பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் வீடியோவில் கணக்குப் போடுவது அவர். நீங்கள் பார்க்கிறீர்கள். அவர் ஒரு கணக்கை ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, நீங்கள் போட்டு முடித்த பிறகு மீதியை ஓட விடுங்கள். ஒரு மணி நேர வீடியோ மூன்று மணி நேரம் இழுக்கும். இழுக்கட்டும்.

நான் சொல்லித் தருகிற முறை இதுதான். தீர்வு போட்ட கணக்கை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் முதல் வரியிலிருந்து எழுதுங்கள். நின்றுவிட்டால் உடனே திறந்து பார்க்காதீர்கள், கொஞ்ச நேரம் அந்த வரியோடு மல்லுக்கட்டுங்கள். பிறகு திறந்து, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து, மூடி, தொடருங்கள். எந்த வரியில் நின்றீர்கள் என்பதை ஒரு தனி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முழுக் கணக்கையும் அந்த நோட்டில் எழுத வேண்டாம், இடறிய வரி மட்டும் போதும். இரண்டு நாள் விட்டு அதே கணக்கை மறுபடி போடுங்கள். இரண்டு நாள் விட்டு என்பது முக்கியம். அன்றைக்கே திரும்பப் போட்டால் கை ஞாபகத்தில் ஓடிவிடும். மறக்க ஆரம்பித்த நேரத்தில் தேடி எடுப்பதுதான் உள்ளே தங்குகிறது. தேர்வுக்கு முந்தின வாரம் உங்களிடம் அந்தச் சின்ன நோட்டு இருக்கும். அதில் இருப்பது எல்லாம் உங்களுக்கே உங்களுக்கான வரிகள். எந்த லோக்கல் ஆத்தர் புத்தகத்திலும் அது அச்சாகி வராது.

இசட் டிரான்ஸ்ஃபார்ம் கணக்குகளில் பகுதிப் பின்னமாகப் பிரிப்பதற்கு முன்னால் இசட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும், அந்த ஒரு வரி பலர் நோட்டில் இருக்கும். ஃபூரியர் சீரிஸில் எக்ஸ் சைன் எக்ஸ் மாதிரிக் கணக்கில் ஏ-என் கீழே என் ஸ்கொயர் மைனஸ் ஒன் வரும். என் ஒன்றாக இருந்தால் கீழே பூஜ்ஜியமாகிவிடும், ஆகவே ஏ-ஒன்னைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். திருத்துகிறவர்கள் இதைத் தேடிப் பார்ப்பார்கள். இதுவும் நிறைய நோட்டுகளில் இருக்கும்.

முதல் யூனிட் வேறு மாதிரிச் சங்கடம். அங்கே ஒவ்வொரு கணக்கும் தனியாகப் பார்த்தால் சுலபம். பி, க்யூ என்ற பகுதி வகைக்கெழுக்கள் மட்டும் வருவது ஒரு வகை, க்ளைரோ வடிவம் ஒரு வகை, எக்ஸும் பி-யும் ஒருபக்கம், ஒய்யும் க்யூவும் மறுபக்கம் என்று பிரிவது ஒரு வகை, லக்ராஞ்ச் சமன்பாடு ஒன்று. புத்தகத்தில் 'வகை இரண்டு' என்று தலைப்புப் போட்டு அதன் கீழே பத்துக் கணக்கு கொடுத்திருப்பார்கள். பத்தையும் மளமளவென்று போட்டுவிடலாம். வினாத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. வெறும் சமன்பாடு இருக்கும். எந்த வகை என்று கண்டுபிடிப்பதே பாதிக் கணக்கு, அந்தப் பாதியை நாம் ஒருநாளும் பயிற்சி செய்வதில்லை.

ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் இதையே கணக்கில் சோதித்தார்கள். கனவடிவங்களின் கன அளவு காண்பதற்கான பயிற்சி. ஒரு குழு ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது, இன்னொரு குழு கலந்து கலந்து போட்டது. பயிற்சியின்போது வகை வகையாகப் போட்டவர்கள் 89 விழுக்காடு சரி, கலந்து போட்டவர்கள் 60 மட்டுமே. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால், முதல் குழு 20, கலந்து போட்ட குழு 63. இந்த எண்களை வகுப்பில் போர்டில் எழுதினால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவர்களே செய்து பார்த்த பிறகு நம்புகிறார்கள்.

செய்வது எளிது. முதல் யூனிட்டின் கணக்குகளைத் துண்டுச்சீட்டில் ஒவ்வொன்றாக எழுதிக் குலுக்கிப் போடுங்கள். ஒன்றை எடுங்கள். போட வேண்டாம். என்ன வகை, முதல் வரி என்ன என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த சீட்டை எடுங்கள். பஸ்ஸில் போகிற நேரத்தில்கூடச் செய்யலாம். முதல் நாள் மூன்றில் ஒன்று சரியாக வந்தாலே நல்லது. கலந்து போடும்போது மெதுவாகத்தான் போகும், தப்பும் நிறைய வரும். அதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பழையபடி வரிசைக்குத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். திரும்பாதீர்கள்.

லக்ராஞ்ச் பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் யூனிட்டில் வரும் லக்ராஞ்சும் இரண்டாம் யூனிட்டில் வரும் ஃபூரியரும் ஒரே காலத்தவர்கள். 1807-இல் ஃபூரியர் வெப்பம் பரவுவது பற்றிய தன் ஆய்வைப் பாரிஸில் சமர்ப்பித்தார். எந்தச் சார்பையும் சைன், காஸ் தொடராக எழுதிவிடலாம் என்பதை ஏற்காதவர்களில் முக்கியமானவர் லக்ராஞ்ச். அந்தக் காலத்தின் தலைசிறந்த கணித மேதைகளில் ஒருவர் அவர். ஃபூரியரின் நூல் வெளிவந்தது 1822-இல். லக்ராஞ்ச் 1813-லேயே காலமாகிவிட்டார். இதை ஒவ்வொரு வருடமும் இரண்டாம் யூனிட் தொடங்கும்போது சொல்வேன். லக்ராஞ்சுக்கே ஒப்பாத ஒன்றை மூன்று வாரத்தில் ஜீரணிக்கச் சொல்கிறோம், நேரம் பிடிக்கத்தான் செய்யும். முன்னால் பார்த்த எக்ஸ் ஸ்கொயரின் சீரிஸை எழுதி முடித்து, எக்ஸுக்குப் பை போட்டால் ஒன்று, நான்கில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போகும் தொடரின் மதிப்பு, பை ஸ்கொயரை ஆறால் வகுத்தது என்று வந்து விழும். 1730-களில் ஆய்லர் கண்டுபிடித்து ஐரோப்பாவையே அசர வைத்த விடை அது. அதை ஒரு மாணவன் தன் கையால் வரவழைக்கும்போது முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். எனக்கு அது போதும்.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி: எந்த யூனிட்டை விடலாம் சார்?

கேட்பதில் தப்பில்லை. வேலை பார்த்துக்கொண்டே அரியர் எழுதுகிறவருக்கு நேரம் குறைவு. வினாத்தாளைப் பாருங்கள். பார்ட் ஏ-யில் பத்து டூ மார்க், யூனிட்டுக்கு இரண்டு. பார்ட் பி-யில் ஐந்து பதினாறு மார்க், யூனிட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. யூனிட் ஒன்றுக்கு 20. தேர்வில் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும், இன்டர்னலையும் சேர்த்து 50 வர வேண்டும். இன்டர்னல் குறைவாக இருந்தால் 45 மட்டும் எடுத்துப் பயனில்லை, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று யூனிட் முழுசாக, ஐந்துக்கும் டூ மார்க் என்று வைத்தால் 68-க்குக் கை நீட்டலாம். விடுகிற யூனிட்டின் டூ மார்க்கை மட்டும் விடாதீர்கள். அவை பெரும்பாலும் வரையறை, ஒரு வரிச் சூத்திரம், சின்னக் கணக்கு.

எந்த மூன்று என்றால், ஐந்தாவதில் ஆரம்பியுங்கள் என்பேன். இசட் டிரான்ஸ்ஃபார்ம் மற்ற யூனிட்டுகளை நம்பி நிற்பதில்லை, பகுதிப் பின்னம் தெரிந்தால் நகர்ந்துவிடும். அடுத்து இரண்டாவது. ஏனென்றால் இரண்டைப் படித்தவருக்கு மூன்றாவது பாதி வந்துவிடுகிறது. மூன்றாவதில் வருகிற அலைச் சமன்பாட்டுக் கணக்கு கடைசியில் சைன் மட்டும் வருகிற ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸில்தான் போய் முடிகிறது. வீணைத் தந்தியை இழுத்து விட்டால் என்ன நடக்கும் என்பது ஒரு வகைக் கணக்கு, பியானோத் தந்தியைச் சுத்தி தட்டினால் என்ன நடக்கும் என்பது இன்னொன்று. முதலாவதில் ஆரம்ப வேகம் பூஜ்ஜியம், இரண்டாவதில் ஆரம்ப இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். எதுவானாலும் நான்கு நிபந்தனைகளில் பூஜ்ஜியம் வருவதையெல்லாம் முதலில் போடுங்கள், பூஜ்ஜியம் இல்லாததைக் கடைசிக்கு வையுங்கள். இந்த ஒழுங்கு பிடிபட்டால் இந்தப் பெரிய கணக்கு மிரட்டாது. முடிக்க வராவிட்டாலும் சமன்பாடு, நிபந்தனைகள், பொருத்தமான தீர்வு என்று வரிசையாக எழுதியவருக்கு ஸ்டெப் மார்க் உண்டு. வெறும் தாளுக்கு யாராலும் மார்க் போட முடியாது.

இதுவரை சொன்னது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. வகுப்பில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒரு பையன் இருப்பான். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், வீட்டில் முதல் பட்டதாரி. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்த பிறகு இப்படிப்பட்ட நல்ல பிள்ளைகள் வருகிறார்கள். சந்தேகம் கேட்க மாட்டான். ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்று வாயை மூடிக்கொள்வான். ஹாஸ்டலில் தனியாக, ராத்திரி வெகுநேரம் படிப்பான். தோற்றுவிட்டால் 'நமக்கு மூளை இல்லை' என்று முடிவுகட்டிவிடுவான்.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் இதே மாதிரி ஒரு விஷயத்தைக் கவனித்தார். கால்குலஸ் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆர்வம் இல்லை, வீட்டில் அக்கறை இல்லை என்று சக ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் அந்த மாணவர்களோடேயே இருந்து பார்த்தார். சொன்ன காரணம் எதுவும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் தாளை ஒருவர் திருத்தினார்கள். யாருக்கும் வராத கணக்கு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அது வராததை யாரும் தன் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்களைக் கூட்டி, சுலபமான கணக்குகளுக்குப் பதில் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் கால்குலஸில் நன்றாக முன்னேறினார்கள்.

நான்கு பேர் சேருங்கள். தனியாகப் போட்ட தாளோடுதான் வர வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். வெறுங்கையோடு வந்தால் அது அரட்டையாகிவிடும். விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். 'தந்தியோட ரெண்டு முனையும் கட்டிப் போட்டிருக்கு, அதனால அங்கே ஆடாது, அதனால பூஜ்ஜியம்' என்று ஒருவன் சொல்ல முடிந்தால் அவனுக்குப் பவுண்டரி கண்டிஷன், அதாவது எல்லை நிபந்தனை, தெரியும். விடைத்தாளுக்கு வேண்டிய ஆங்கில வாக்கியங்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அவற்றை அப்புறம் பழகிக்கொள்ளலாம். அந்தக் கடைசிக்கு முந்தின பெஞ்ச் பையனை யாராவது ஒருவர் கூப்பிடுங்கள், அவனாக வர மாட்டான்.

அரியர் விழுந்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். மார்க் கூடுமா என்று பார்ப்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். கட்டணம் உண்டு, கடைசித் தேதியும் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நகல் கைக்கு வந்ததும் சிவப்புப் பேனா எடுத்து, ஒவ்வொரு கணக்கிலும் எந்த வரியில் தடம் மாறியது என்று வட்டமிடுங்கள். அநேகமாக ஐந்தாறு வட்டங்களில் பாதிக்கு மேல் ஒரே காரணமாக இருக்கும். அந்தத் தாளோடு உங்கள் கணக்கு ஆசிரியரிடம் போய், "சார், இந்த இடத்துல எனக்குத் தடுக்குது" என்று காட்டுங்கள். அப்படி வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை.